டேட்டா எந்த இடத்துல மாறுச்சு? கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேர தேடுறவங்களுக்கு ஒரு எளிய விளக்கம்

சிங்கப்பூர்ல பொதுவுல கிடைக்கிற டேட்டாவுக்கு பஞ்சமே இல்ல. வாரா வாரம் டெங்கி எண்ணிக்கை, மாசா மாசம் சுற்றுப்பயணிகள் வருகை, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளோட மறுவிற்பனை விலை, மாசத்துக்கு ரெண்டு தடவை சிஓஇ, அதாவது வண்டி உரிமச் சான்றிதழ் ஏல முடிவு, அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை மின்சாரத் தேவைன்னு எல்லாமே அரசாங்கத் தளங்கள்ல போட்டு வச்சிருக்காங்க, யாரு வேணும்னாலும் டவுன்லோட் பண்ணிக்கலாம். பாலிடெக்னிக்லயும் யுனிவர்சிட்டிலயும் படிக்கிற நம்ம பிள்ளைங்க புராஜெக்ட்டுக்கு பெரும்பாலும் இதுல ஒண்ணத்தான் எடுக்கிறாங்க. எடுத்து கிராஃப் போட்டதும் அடுத்து வர்ற கேள்வி, "இது எப்ப மாறுச்சு, அத தானா கண்டுபிடிச்சுச் சொல்ற சாஃப்ட்வேர் எது?"

என் கருத்த முதல்லயே சொல்லிடுறேன். சாஃப்ட்வேர் நிறைய இருக்கு, பெரும்பாலானது இலவசம், நல்லாவும் வேலை செய்யுது. ஆனா "எது மாறினா அத மாற்றம்னு நான் ஒத்துக்குவேன்"ங்கிறத நீங்க முடிவு பண்ணாம எந்த சாஃப்ட்வேர்ல டேட்டாவ போட்டாலும் அது ஏதோ ஒரு தேதிய சொல்லத்தான் போகுது, சில சமயம் இருபது தேதி சொல்லும், அதுல எது உண்மைன்னு பார்த்துக்க வேண்டிய பொறுப்பு உங்களோடது. அதனால பேர் பட்டியல பின்னாடி வச்சுக்கிட்டு, உள்ள என்ன நடக்குதுங்கிறத முதல்ல பாத்துடலாம், அது புரிஞ்சா எந்த சாஃப்ட்வேர்ங்கிறது பாதி தானா முடிவாயிடும்.

ஒரு நாலறை வீட்டோட மாச மின்சார யூனிட்ட எடுத்துக்குங்க, நான் உதாரணத்துக்குப் போட்ட எண்கள்தான்: 300, 310, 290, 305, 295, 380, 390, 370, 385, 375. அஞ்சாவது மாசத்துக்கு அப்புறம் வீட்ல இன்னொரு ரூம்ல ஏர்கான் போட்டுட்டாங்கன்னு வச்சுக்குவோம். கண்ணால பாத்தாலே தெரியுது, முதல் அஞ்சு 300-ஐ சுத்தி, அடுத்த அஞ்சு 380-ஐ சுத்தி. இப்படி, ஒரு புள்ளிக்கு முன்னாடி ஒரு மாதிரியும் பின்னாடி வேற மாதிரியும் டேட்டா நடந்துக்கிட்டா அந்தப் புள்ளிக்குப் பேர்தான் சேஞ்ச் பாயிண்ட், தமிழ்ல மாற்றப்புள்ளின்னு சொல்லலாம். சேஞ்ச் பாயிண்ட்டுன்னா ஒரே ஒரு நாள் மட்டும் தாறுமாறா எகிறி மறுநாள் பழையபடி வர்றது இல்ல, அது அவுட்லையர். ஒரு மாசம் ஊர்லேர்ந்து சொந்தக்காரங்க வந்து தங்கி பில்லு ஏறினா அது அவுட்லையர், ஏர்கான் போட்டது சேஞ்ச் பாயிண்ட். இந்த வித்தியாசம் சின்னதா தெரியும், ஆனா சாஃப்ட்வேர் தப்பு பண்ற இடங்கள்ல பெரும்பங்கு இங்கதான் இருக்கு.

இத எக்செல்லயே கண்டுபிடிக்கலாம், பேக்கேஜ்னு சொல்ற ரெடிமேட் புரோகிராம் தொகுப்பு எதுவும் வேணாம். பத்து மாசத்தோட சராசரி 340. ஒவ்வொரு மாசத்துலேர்ந்தும் 340-ஐ கழிங்க: −40, −30, −50, −35, −45, அப்புறம் +40, +50, +30, +45, +35. இத ஒண்ணு மேல ஒண்ணா கூட்டிக்கிட்டே வாங்க: −40, −70, −120, −155, −200, −160, −110, −80, −35, 0. கூட்டுத்தொகை கீழ போய்க்கிட்டே இருந்து அஞ்சாவது மாசத்துல −200-ல அடிய தொட்டுட்டு திரும்புது பாருங்க, அந்தத் திரும்புற இடம்தான் மாற்றப்புள்ளி. இதுக்குப் பேரு கியூசம். இங்கிலாந்து புள்ளியியலாளர் பேஜ் 1954-ல ஃபேக்டரி தரக் கட்டுப்பாட்டுக்காக இந்த வழிய எழுதினாரு, இன்னிக்கி வரைக்கும் இந்தத் துறையில பாதி விஷயம் அதோட பிள்ளை பேரப்பிள்ளைங்கதான். எந்த சாஃப்ட்வேர தொடுறதுக்கு முன்னாடியும் உங்க டேட்டாவுக்கு இந்தக் கூட்டுத்தொகை கிராஃப ஒரு தடவை போட்டுப் பாருங்கன்னு நான் கண்டிப்பா சொல்லுவேன், ஏன்னா இத பாத்ததுக்கு அப்புறம் பேக்கேஜ் சொல்ற பதில் நியாயமா இல்லையான்னு உங்களுக்கே தெரியும்.

சரி, ஒரு மாற்றம் இருந்தா இது போதும். ரெண்டு மூணு இருந்தா? எத்தனைன்னே தெரியாட்டா? இங்கதான் இன்னிக்கி இருக்கிற பேக்கேஜுங்க வேற கணக்குக்குப் போகுது. அதே பத்து மாசத்த எடுங்க. எல்லாத்துக்கும் ஒரே சராசரி 340-ன்னு வச்சு, ஒவ்வொரு வித்தியாசத்தையும் அந்த வித்தியாசத்தாலயே பெருக்கி, எல்லாத்தையும் கூட்டினா 16,500 வருது, இது அந்த ஒரே சராசரி எவ்வளவு பொருந்தலங்கிறதுக்கு ஒரு அளவு. இப்ப அஞ்சாவது மாசத்துல வெட்டி முதல் பாதிக்கு 300, ரெண்டாவது பாதிக்கு 380-ன்னு தனித்தனி சராசரி வச்சா, இந்தப் பக்கம் 250, அந்தப் பக்கம் 250, மொத்தமே 500-தான். ஒரு வெட்டுல 16,000 மிச்சம். அத யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க. ஆனா அதோட நிக்காது. முதல் பாதிய 300, 310 தனியா, மத்த மூணு தனியான்னு இன்னொரு வெட்டு வெட்டினா அந்த 250 சுமார் 167 ஆயிடும், அதுலயும் 83 மிச்சம்! எங்க வெட்டினாலும் பொருத்தம் கொஞ்சமாவது கூடத்தான் செய்யும், பத்து மாசத்தையும் பத்து துண்டா வெட்டினா பொருந்தாத அளவு பூஜ்யம், ஆனா அதுனால யாருக்கும் ஒரு பிரயோஜனமும் கிடையாது.

அதனால ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு விலை வைக்கிறாங்க, அதுதான் பெனால்டி. வெட்டினா மிச்சமாகுற அளவு பெனால்டிய விட ஜாஸ்தின்னா வெட்டு, இல்லன்னா விடு. பெனால்டி 300-ன்னு வச்சா 16,000-க்காரன் உள்ள வருவான், 83-க்காரன் வெளிய நிப்பான், 50-ன்னு வச்சா ரெண்டு பேரும் உள்ள. அந்த 300-ஐ நான் சும்மா சொல்லல. டேட்டாவோட இரைச்சல், அதாவது ஏர்கான் விஷயத்த கழிச்சப்புறம் மாசத்துக்கு மாசம் இயல்பா ஏறி இறங்குற அளவு, அதோட வேரியன்ஸ், அதாவது சிதறலோட அளவு, இங்க சுமார் 62. அத ரெண்டால பெருக்கி, மொத்த எண்ணிக்கையோட லாக், அதாவது இயற்கை மடக்கையால பெருக்கினா சுமார் 288 வருது, பிஐசிங்கிற பழைய புள்ளியியல் அளவுகோல் வழிதான் இது. கண்ண மூடிக்கிட்டு நம்ப வேண்டியதில்ல, ஆரம்பிக்கிறதுக்கு ஒரு நல்ல இடம், அவ்வளவுதான்.

எல்லா வெட்டுச் சேர்க்கையையும் ஒண்ணொண்ணா பாத்தா கணக்கு முடியவே முடியாதுல்ல, பத்து வருஷ தினசரி டேட்டான்னா யோசிச்சுப் பாருங்க. 2012-ல கில்லிக், ஃபியர்ன்ஹெட், எக்லி மூணு பேரும் சேர்ந்து வெளியிட்ட பெல்ட்டுங்கிற வழி, இனிமே ஜெயிக்கவே வாய்ப்பில்லாத வெட்டுகள பாதியிலயே தூக்கிப் போட்டுட்டு, பதில் கொஞ்சமும் மாறாம வேகமா முடிச்சுடும். இப்ப எங்க தேடினாலும் முதல்ல கண்ணுல படுறது இதுதான். ஆர்ங்கிற புள்ளியியல் கணினி மொழியில சேஞ்ச்பாயிண்ட்ங்கிற பேக்கேஜ் கில்லிக் ஆரம்பிச்சது, பைத்தான் மொழியில ரப்சர்ஸ்ங்கிற பேக்கேஜ் ட்ரூவாங், உத்ர், வயாட்டிஸ்னு பிரான்ஸ் ஆய்வாளர்கள் பண்ணது. ரெண்டும் இலவசம். உங்களுக்கு ஆர் தெரிஞ்சா முன்னது, பைத்தான் தெரிஞ்சா பின்னது, இதுல எது பெருசுன்னு சண்டை போடுறதுல அர்த்தமே இல்ல.

பழகிப் பாக்க நைல் நதி டேட்டாவ எடுங்க. ஆர் இன்ஸ்டால் பண்ணாலே கூடவே வருது, அஸ்வான்ல 1871-லிருந்து 1970 வரைக்கும் வருஷத்துக்கு எவ்வளவு தண்ணி ஓடுச்சுன்னு நூறு எண். இந்தத் துறையில எல்லாரும் முதல்ல கை வைக்கிற டேட்டா இது. பதில் 28-ஆவது எண், அதாவது 1898. அதுக்கு முன்னாடி சராசரி சுமார் 1,100, அப்புறம் சுமார் 850, ஒரு யூனிட்டுங்கிறது பத்து கோடி கன மீட்டர். அஸ்வான்ல பழைய அணைய கட்டி 1902-ல முடிச்சாங்க, அதனால அணைதான் காரணம்னு சொல்றவங்க உண்டு, அதே காலத்துல நதி பிறக்கிற பக்கம் மழையும் குறைஞ்சதுன்னு சொல்றவங்களும் உண்டு. சாஃப்ட்வேர் இந்த வழக்குல தீர்ப்பு சொல்லாது, அதுக்கு வருஷம் மட்டும்தான் தெரியும்.

இந்த நைல் டேட்டாவ வச்சே டீஃபால்ட் செட்டிங்ல என்னென்ன ஆபத்து இருக்குன்னு காட்டிடலாம், புதுசா வர்றவங்க மணிக்கணக்கா தலைய பிச்சுக்கிற இடம் இதுதான். ரப்சர்ஸ்ல பெல்ட்ட அப்படியே ஓட்டுனா 28 வரவே வராது, 25, 30 மாதிரி அஞ்சோட மடங்குதான் வரும். ஏன்னா ஜம்ப்ங்கிற ஒரு செட்டிங் டீஃபால்ட்டா 5-ல இருக்கு, வேகத்துக்காக அஞ்சு அஞ்சா தாண்டித்தான் தேடும், நீங்க அத 1-ன்னு மாத்தணும். அப்புறம் அது குடுக்கிற பதில்ல கடைசி எண் எப்பவும் டேட்டாவோட நீளமா இருக்கும், 28, 100-ன்னு வந்தா நூறாவது இடத்துல ஒரு மாற்றம்னு அர்த்தம் இல்ல, டேட்டா அங்க முடியுதுன்னு அர்த்தம். ஆர் பக்கம் வந்தா, சேஞ்ச்பாயிண்ட் பேக்கேஜ்ல சராசரி மாற்றத்த மட்டும் தேடுற ஃபங்ஷன் டேட்டாவோட வேரியன்ஸ் 1-ன்னு நினைச்சுக்கிட்டு கணக்குப் போடும். நைல் மாதிரி பெரிய எண்கள அப்படியே குடுத்து பெல்ட்டுன்னு சொன்னீங்கன்னா எக்கச்சக்கமா மாற்றத்த அள்ளிக் கொட்டும். அதுக்கு மருந்து, முதல்ல டேட்டாவ இரைச்சலோட அளவால வகுத்துடுங்க, இல்லன்னா சராசரியும் வேரியன்ஸும் சேர்ந்து மாறுறத தேடுற ஃபங்ஷன எடுங்க. இரைச்சல் அளவ எடுக்கும்போது மொத்த டேட்டாவோட ஸ்டாண்டர்ட் டீவியேஷன எடுக்காதீங்க, அதுல மாற்றமே கலந்து கிடக்கும், அடுத்தடுத்த ரெண்டு எண்ணோட வித்தியாசத்துலேர்ந்து எடுத்தா பெருசா ஏமாத்தாது.

பெனால்டி எவ்வளவு வைக்கிறதுன்னு இன்னும் குழப்பமா இருந்தா, ஒரே எண்ண பிடிச்சுத் தொங்காம, குறைச்சலேர்ந்து ஜாஸ்தி வரைக்கும் நிறைய பெனால்டி வச்சு ஓட்டி, ஒவ்வொண்ணுக்கும் எத்தனை மாற்றம் வருதுன்னு ஒரு கிராஃப் போடுங்க. சேஞ்ச்பாயிண்ட் பேக்கேஜ்ல கிராப்ஸ்ங்கிற வசதி இதையேதான் செய்யுது. பெனால்டிய ரொம்ப தூரம் ஏத்தியும் அசையாம நிக்கிற தேதிங்க உறுதியானது, லேசா ஏத்தினதுமே காணாம போறது இரைச்சல். ரிப்போர்ட்ல இந்த கிராஃபையும் சேர்த்துப் போடுங்க, "ஏன் மூணு மாற்றம், ஏன் நாலு இல்ல"ன்னு லெக்சரர் கேட்டா பதில் கையில இருக்கும்.

இப்ப நான் ஆரம்பத்துல சொன்னதுக்கு வர்றேன், எது மாறினா மாற்றம்? இது வரைக்கும் பாத்தது எல்லாம் சராசரி ஒரு படி ஏறுறது இல்ல இறங்குறது. வீவக மறுவிற்பனை விலைக் குறியீட்ட எடுத்துப் பாருங்க, அதுல படியே கிடையாது. 2013 நடுப்பகுதி வரைக்கும் ஏறுது, அப்புறம் சில வருஷம் மெல்ல இறங்கி கிட்டத்தட்ட தட்டையா ஆகுது, 2020-லிருந்து மறுபடி வேகமா ஏறுது. இங்க மாறுறது விலை இல்ல, விலை போற சரிவு, அதாவது ஏறுற இல்ல இறங்குற வேகம். இத சராசரி தேடுற பெல்ட்டுல போட்டீங்கன்னா அது ஏறுற கோட்ட மாடிப்படி மாதிரி வெட்டி வெட்டி, 2011-ல ஒண்ணு 2012-ல ஒண்ணுன்னு நடக்காத மாற்றத்த எல்லாம் சொல்லும், உண்மையா திரும்பின 2013-ஐ அந்தக் கூட்டத்துக்குள்ள எங்கயோ தொலைச்சுடும். சரிவு மாறுறத தேடணும்னா ஆர்ல ஸ்ட்ரக்சேஞ்ச் நல்லா பழகின பேக்கேஜ், பொருளாதாரம் படிக்கிறவங்க பை, பெரோன் ரெண்டு பேரோட வழின்னு சொல்றது இதுல இருக்கு. நேரத்த ஒரு மாறியா வச்சு ரிக்ரஷன், அதாவது டேட்டாவுக்குப் பொருந்துற கோடு, போட்டு எங்க எங்க உடையுதுன்னு கேக்கலாம், பதில் தேதிய மட்டும் சொல்லாம முன்னப் பின்ன எவ்வளவு இருக்கலாம்னும் சொல்லும். நைலுக்கு அது 1898, ஆனா 1895-லிருந்து 1902 வரைக்கும் எங்க வேணா இருக்கலாம்னு சொல்லுது. ஒரே தேதிய அடிச்சுச் சொல்றத விட இது எவ்வளவு நேர்மையா இருக்குன்னு பாருங்க. ஒண்ணு மட்டும் கவனம், அதுல ஒரு துண்டு குறைஞ்சது மொத்த டேட்டாவுல 15 சதவீதம் இருக்கணும்னு டீஃபால்ட். பத்து வருஷ மாச டேட்டான்னா 120 எண், 15 சதவீதம்னா 18 மாசம். போன வருஷம் நடந்த மாற்றத்த தேடிட்டு "ஒண்ணுமே வரல"ன்னு சொல்றவங்க இந்த செட்டிங்க பாத்திருக்கவே மாட்டாங்க.

வீட்டு விலையப் பத்தி இன்னொரு விஷயம். தனித்தனி மறுவிற்பனை பதிவுகள டவுன்லோட் பண்ணி நீங்களே மாச சராசரி எடுத்தீங்கன்னா, ஒரு மாசம் ஈசூன்ல மூணறை வீடு நிறைய வித்திருக்கும், இன்னொரு மாசம் பீஷான்ல அஞ்சறை வீடு நிறைய வித்திருக்கும், வீட்டு விலை மாறாமலே சராசரி மட்டும் குதிக்கும். அதுக்குத்தான் குறியீடுன்னு ஒண்ணு போடுறாங்க, அத எடுங்க. 2013-ஐ கண்டுபிடிச்ச சந்தோஷத்துல "டிடிஎஸ்ஆர் விதி வந்ததாலதான் இறங்குச்சு"ன்னு எழுதிடாதீங்க (வருமானத்துல இவ்வளவு பங்குக்கு மேல கடன் தவணை போகக் கூடாதுங்கிற விதி). அது வந்தது 2013 ஜூன் கடைசியில, உண்மைதான், ஆனா அந்த வருஷம் ஜனவரியிலயும் ஆகஸ்ட்லயும்கூட வேற கட்டுப்பாடுங்க வந்துச்சு. எல்லாம் ஒண்ணா நெருக்கமா வந்தப்ப எது எவ்வளவு பண்ணுச்சுன்னு இந்தக் கருவியால பிரிக்க முடியாது.

சுற்றுப்பயணிகள் வருகைதான் எனக்கு ரொம்ப பிடிச்ச உதாரணம், ஏன்னா எல்லா சிக்கலும் அதுல இருக்கு. 2019-ல 19.1 மில்லியன் பேரு வந்தாங்க, 2020-ல வெறும் 2.7 மில்லியன். இத கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேணாம், கண்ணே போதும், ஆனா எந்த மாசம்னு கேட்டா யோசிக்கணும். பிப்ரவரியிலயே சீனாவுலேர்ந்து வர்றவங்களுக்கு தடை வந்துடுச்சு, குறுகிய கால வருகையாளர்கள் எல்லாருக்கும் எல்லைய மூடினது மார்ச் 23 ராத்திரி. மாச டேட்டாவுல இது மூணு மாசத்துல பரவிக் கிடக்கும், ஒரு பேக்கேஜ் பிப்ரவரிம்பான், ஒண்ணு ஏப்ரல்ம்பான், ரெண்டும் தப்பில்ல. அந்தப் பெரிய பள்ளம் ஒண்ணு இருக்கிறதால 2003-ல சார்ஸ் வந்தப்ப விழுந்தது கருவி கண்ணுக்கே தெரியாமப் போயிடலாம், அதனால மில்லியன அப்படியே போடாம லாக் எடுத்துப் போடுங்க, அப்ப பாதியா குறைஞ்சதுன்னா எந்த வருஷமா இருந்தாலும் ஒரே அளவு இறக்கமா தெரியும். சார்ஸ் அப்ப விழுந்துட்டு சில மாசத்துலயே எழுந்துடுச்சு, அத ரெண்டு மாற்றப்புள்ளின்னு எடுக்கிறதா, ஒரு தற்காலிக அடின்னு எடுக்கிறதா? குறைஞ்சபட்ச துண்டு நீளம்னு ஒரு செட்டிங் நிறைய பேக்கேஜ்ல இருக்கும், அத மூணு மாசம்னு வச்சா ஒரு பதில், பன்னெண்டு மாசம்னு வச்சா வேற பதில். இத முடிவு பண்ண வேண்டியது நீங்கதான், உங்க கேள்வி ஓட்டலுக்கு ஆள் எடுக்கிறதப் பத்தின்னா மூணு மாசமும் முக்கியம், நாட்டோட சுற்றுலா பத்து வருஷத்துல எப்படி மாறுச்சுன்னா முக்கியமில்ல.

இதுக்கு மேல சீசன். ஜூன் லீவு, டிசம்பர் லீவு எல்லாம் வருஷா வருஷம் ஒரே இடத்துல வரும், அத எஸ்டிஎல் மாதிரி ஒரு வழியில பிரிச்சு எடுத்துட்டு மிச்சத்துல மாற்றம் தேடலாம். ஆனா சீனப் புத்தாண்டு ஒரு வருஷம் ஜனவரி, ஒரு வருஷம் பிப்ரவரி. நோன்புப் பெருநாள் வருஷத்துக்கு சுமார் பதினொரு நாள் முன்னாடி நகர்ந்துக்கிட்டே போகும், தீபாவளியும் அக்டோபருக்கும் நவம்பருக்கும் நடுவுல மாறும். எஸ்டிஎல்லுக்கு இதெல்லாம் தெரியாது, சில்லறை விற்பனை டேட்டாவுல இதெல்லாம் மாற்றம் மாதிரியே வேஷம் போட்டுக்கிட்டு வந்து நிக்கும். புள்ளிவிவரத் துறை பருவ மாற்றங்கள சரி பண்ணின தொடரையும் தனியா வெளியிடுது, அது இருக்கிற இடத்துல அதையே எடுத்துக்குங்க, நீங்களா போராட வேணாம். இல்லாத இடத்துல ஆர்பீஸ்ட்னு ஒரு பேக்கேஜ் இருக்கு, ஆர், பைத்தான், மேட்லேப் மூணுலயும் ஓடும், சீசனையும் சரிவையும் ஒண்ணா பிரிச்சு, ரெண்டுலயும் எங்க மாற்றம் இருக்கலாம்னு ஒவ்வொரு தேதிக்கும் ஒரு வாய்ப்பு சதவீதத்தோட சொல்லும். செயற்கைக்கோள் படத்துல காடு எப்ப அழிஞ்சதுன்னு பாக்கிறவங்க உலகத்துலேர்ந்து வந்தது, மாச டேட்டாவுக்கும் பொருத்தமா இருக்கும்.

டெங்கி வார எண்ணிக்கையில இன்னொரு வம்பு. இந்த வாரம் ஜாஸ்தின்னா அடுத்த வாரமும் ஜாஸ்தியாத்தான் இருக்கும், ஏன்னா கொசுவும் கிருமியும் ஒரே வாரத்துல மாயமா மறையாது. ஆனா இந்த எளிய கருவிங்க ஒவ்வொரு எண்ணும் முந்தினதோட சம்பந்தமில்லாம வருதுன்னு நினைச்சுக்கிட்டு கணக்குப் போடுது, அதனால மெல்ல அலை மாதிரி ஏறி இறங்குற டேட்டாவுல ஒவ்வொரு அலையையும் மாற்றம்னு சொல்லும். பெனால்டிய நல்லா ஏத்தணும், இல்லன்னா முந்தின எண்ணோட சார்பையும் கணக்குல எடுத்துக்கிற கருவி வேணும், ஆர்ல என்வ்சிபிடிங்கிற பேக்கேஜ் இப்படிப்பட்ட பல மாடல ஓட்டிப் பாத்து எது பொருந்துதுன்னு ஒப்பிட்டுக் காட்டும். அந்த ஒப்பீட்டுல "சார்பு இருக்கு, ஆனா மாற்றம் இல்ல"ங்கிற மாடல் ஜெயிச்சா அத ஏத்துக்கணும். மாற்றம் இல்லங்கிறதும் ஒரு கண்டுபிடிப்புதான், அத எழுத யாரும் வெக்கப்பட வேணாம்.

இது வரைக்கும் சொன்னது எல்லாம் டேட்டா முழுசா கையில வந்தப்புறம் திரும்பிப் பாக்கிறது. நடந்துக்கிட்டு இருக்கும்போதே மணி அடிக்கணும்னா அது வேற குடும்பம். தேக்கா பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில சில்லர்ல சென்சார் வச்சிருக்காங்கன்னு வைங்க, உள்ள 4 டிகிரிக்கு மேல போகக் கூடாது. 4-ஐ தாண்டினப்புறம் அலாரம் அடிக்கிறது எல்லாருக்கும் தெரிஞ்ச வழி. ஆனா எப்பவும் 2-ஐ சுத்தி இருந்தது சத்தமில்லாம 3-ஐ சுத்தி வர ஆரம்பிச்சா கம்ப்ரஸர் களைச்சுப் போகுதுன்னு அர்த்தம், 4-க்கு வர்றதுக்கு முன்னாடியே கியூசம் அத பிடிச்சுடும், இறைச்சி கெட்டுப் போறதுக்கு முன்னாடி மெக்கானிக்க கூப்பிடலாம். இதுல பேரம் ஒண்ணு இருக்கு, சீக்கிரம் அடிக்கணும்னு வச்சா பொய் அலாரம் கூடும், பொய் அலாரம் வேணாம்னு வச்சா லேட்டா அடிக்கும், ரெண்டையும் ஒண்ணா வாங்க முடியாது. சில்லர் ஒரு நாளைக்கு சில தடவை டீஃப்ராஸ்ட் ஆகும்போது சூடு கொஞ்ச நேரம் ஏறும், அத முதல்லயே கழிச்சுடலன்னா தினமும் அலாரம்தான், மூணாவது நாள் சமையக்கட்டுல யாராவது அத ஆஃப் பண்ணிடுவாங்க. இதுக்கு பைத்தான்ல ரிவர்னு ஒரு பேக்கேஜ், ஏட்வின், பேஜ்-ஹிங்க்லின்னு ரெண்டு வழியும் அதுல இருக்கு. 2007-ல ஆடம்ஸ், மெக்கே ரெண்டு பேரு எழுதின பேஸியன் ஆன்லைன் வழியும் நல்ல வழி, "கடைசி மாற்றம் நடந்து எவ்வளவு நாளாச்சு"ங்கிறத ஒவ்வொரு புது எண்ணுக்கும் வாய்ப்பா சொல்லிக்கிட்டே வரும்.

தேதி முன்னாடியே தெரிஞ்சா தேடவே தேடாதீங்க. பொருள் சேவை வரி 2023 ஜனவரி 1-ல 7-லிருந்து 8 சதவீதம் ஆச்சு, 2024 ஜனவரி 1-ல 9 ஆச்சு. அதுனால கடை விற்பனை மாறுச்சான்னு கேட்டா, தேதி கையில இருக்கு, மாறின அளவுதான் கேள்வி. அதுக்கு 1960-லேர்ந்தே சௌ டெஸ்ட் இருக்கு, கூகுள்காரங்க வெளியிட்ட காசல் இம்பாக்ட் பேக்கேஜும் இருக்கு. தெரிஞ்ச தேதிக்கு தேடுற கருவிய போட்டா பலம் குறைஞ்ச பதில்தான் வரும், ஏன்னா அது எல்லாத் தேதியையும் சந்தேகப்பட வேண்டியிருக்கு.

ஃபேஸ்புக் வெளியிட்ட பிராஃபெட்லயும் மாற்றப்புள்ளின்னு காட்டுதே, அத எடுத்துக்கலாமான்னு நிறைய பேரு கேக்கிறாங்க. அது எதிர்காலத்த கணிக்கிறதுக்கு செஞ்சது. டேட்டாவோட முதல் 80 சதவீதத்துல 25 இடத்த சரிசம இடைவெளியில தானே வச்சுக்கிட்டு, அங்கங்க சரிவு மாறுதான்னு மட்டும் பாக்குது, கடைசி 20 சதவீதத்துல நடந்தத டீஃபால்ட்டா பாக்கவே பாக்காது. கணிப்புக்கு வச்சுக்குங்க, தேதிக்கு சாட்சியா வைக்காதீங்க.

மத்தத சுருக்கமா சொல்லிடுறேன். ஒரே நேரத்துல பல தொடர், எந்த மாதிரி பரவல்னும் தெரியல, ஏதோ மாறுது ஆனா சராசரியா வேரியன்ஸான்னு சொல்ல முடியலன்னா ஆர்ல ஈசிபி, இல்ல ரப்சர்ஸ்ல இருக்கிற கெர்னல் வழி. எத்தனை மாற்றம், எந்த மாதிரின்னு உங்களுக்கே முன்கூட்டி ஒரு எண்ணம் இருந்து, பதில வாய்ப்பா பாக்கணும்னா ஆர்ல எம்சிபி, மெதுவா ஓடும், ஆனா பொறுமைக்குப் பலன் உண்டு. ஸ்கூல் லைசென்ஸ்ல மேட்லேப் இருந்தா ஃபைண்ட்சேஞ்ச்பிடிஎஸ்னு ஒரு ஃபங்ஷன் 2016-லேர்ந்து சிக்னல் பிராசஸிங் டூல்பாக்ஸ்ல இருக்கு, சராசரியா சரிவான்னு நீங்களே சொல்லலாம். எக்செல்ல மட்டுமே வேலைன்னா ரோடியோனோவ் எழுதின ஸ்டார்ஸ்ங்கிற ஆட்-இன், பருவநிலை ஆய்வாளர்கள் பயன்படுத்துறது.

இன்னும் தேடணும்னா, ஒவ்வொரு துறையும் இத வேற பேர்ல வச்சிருக்குங்கிறத ஞாபகம் வச்சுக்குங்க. பொருளாதாரத்துல ஸ்ட்ரக்சரல் பிரேக், சிக்னல் பக்கம் செக்மென்டேஷன், மெஷின் லேர்னிங்ல கான்செப்ட் டிரிஃப்ட், பருவநிலையில ரெஜீம் ஷிஃப்ட், ஃபேக்டரியில கன்ட்ரோல் சார்ட். ஒரு பேர்ல கிடைக்காத பேக்கேஜ் இன்னொரு பேர்ல அப்படியே உக்காந்திருக்கும். ஆர் பேக்கேஜுங்க இருக்கிற கிரான் தளத்துல டைம் சீரிஸ்க்குன்னு ஒரு வழிகாட்டிப் பக்கம் இருக்கு, அதுல மாற்றப்புள்ளி பேக்கேஜுங்களும் உண்டு, துறை ஆளுங்களே அத பராமரிக்கிறாங்க, முதல்ல அங்க போங்க.

எது சிறந்ததுன்னு ஒப்பிட்டுப் பாத்திருக்காங்களான்னா, பாத்திருக்காங்க. 2020-ல வான் டென் பர்க், வில்லியம்ஸ் ரெண்டு பேரு லண்டன் ஆலன் டூரிங் இன்ஸ்டிட்யூட்டுக்காக 37 நிஜத் தொடர எடுத்து, ஒவ்வொண்ணையும் அஞ்சு மனுஷங்ககிட்ட குடுத்து மாற்றத்த குறிக்கச் சொல்லி, அப்புறம் நிறைய கருவிய அதே டேட்டாவுல ஓட்டினாங்க. பேஸியன் ஆன்லைன் வழியும், ரெண்டு ரெண்டா வெட்டிக்கிட்டே போற பழைய பைனரி செக்மென்டேஷனும் நல்ல மார்க் வாங்குச்சு. ஆனா எந்த மாற்றமும் இல்லன்னு எப்பவும் ஒரே பதில் சொல்ற ஒரு வெறும் முறையும் அந்தப் போட்டியில பல கருவிகள விட முன்னாடி வந்துச்சு. மனுஷங்க அஞ்சு பேருமே எல்லா இடத்துலயும் ஒத்துப் போகல. இந்த முடிவ படிச்சதுலேர்ந்து, ஒரு பேக்கேஜ் சொன்ன ஒரே தேதிய மட்டும் வச்சு எழுதின ரிப்போர்ட்ட என்னால நம்ப முடியறதில்ல.

அதனால உங்க டேட்டாவ போடுறதுக்கு முன்னாடி, நீங்களே செஞ்ச டேட்டாவுல கருவிய சோதிச்சுப் பாருங்க. உங்க தொடரோட அதே நீளம், அதே அளவு இரைச்சல், முந்தின எண்ணோட அதே சார்பு, ஆனா மாற்றமே இல்லாத ஒரு தொடர கம்ப்யூட்டர்ல நிறைய தடவை உருவாக்கி ஓட்டுங்க, எத்தனை தடவை பொய்யா மாற்றம் சொல்லுதுன்னு எண்ணுங்க. அப்புறம் நீங்களே ஒரு இடத்துல தெரிஞ்சு ஒரு படி வச்சு, அத எவ்வளவு கிட்ட கண்டுபிடிக்குதுன்னு பாருங்க, படிய சின்னது பண்ணிக்கிட்டே போய் எந்த அளவுக்குக் கீழ அதுக்குக் கண்ணு தெரியலன்னு குறிச்சுக்குங்க. அந்த அளவ ரிப்போர்ட்ல தேதிக்குப் பக்கத்துலயே எழுதுங்க, "இத விட சின்ன மாற்றம் இருந்திருந்தா இந்த முறைக்கு தெரிஞ்சிருக்காது"ன்னு, கூடவே எந்த பேக்கேஜ், எந்த வெர்ஷன், பெனால்டி எவ்வளவு, குறைஞ்சபட்ச துண்டு நீளம் எவ்வளவுன்னும் எழுதி வைங்க, அடுத்த வருஷம் புது டேட்டா சேர்த்து இன்னொருத்தர் ஓட்டும்போது அவங்களுக்கு வேற தேதி வந்தா டேட்டா மாறினதா செட்டிங் மாறினதான்னு பிரிச்சுப் பாக்க அது வேணும்.